ஊர் ஏரியில் சாக்கடை: தூர்வாருவதா, உறிஞ்சுகுழியா, கல்வாழைப் படுகையா, சுத்திகரிப்பு நிலையமா?

வரத்துக் கால்வாயில் சித்திரை மாதத்திலும் கறுப்பாகத் தண்ணீர் ஓடுகிறது. ஏரியின் வாயை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டிருக்கிறது. கரைக்குக் கீழே உள்ள கிணறுகளில் வாடை. ஊராட்சியிடம் கொஞ்சம் நிதி இருக்கிறது, அல்லது பக்கத்துத் தொழிற்சாலை சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து தருவதாகச் சொல்கிறது. எதில் போடலாம் என்று கேட்பவர்களில் பலர், தூர்வாருவது என்று முக்கால்வாசி முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். ஹிட்டாச்சி இறங்கினால் ஊரே கரையில் நின்று பார்க்கும். வீட்டுக் கழிவுநீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழி வெட்டினால் அந்த வீட்டுக்காரர்கூட நின்று பார்ப்பதில்லை.

கணக்குக்கு ஓர் ஏரியை வைத்துக்கொள்வோம். நீர்ப்பரப்பு 25 ஏக்கர், அதாவது சுமார் 10 ஹெக்டேர். சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர். நிறைந்தால் 1,50,000 கன மீட்டர். நீர்ப்பிடிப்புப் பகுதி 1 சதுர கிலோமீட்டர். அதற்குள் 250 வீடுகள், 1,000 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குழாய்த் தண்ணீர் வந்தால் அதில் 40 லிட்டர் அளவுக்குக் கழிவாக வெளியேறும். ஆக நாளுக்கு 40,000 லிட்டர். கீழே வரும் எண்களெல்லாம் இந்த ஏரிக்கானவை. உங்கள் ஊர் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

## முடிவெடுக்கும் முன்: தண்ணீர் எந்த வழியாக வருகிறது

எந்த நிலத்தில் விழும் மழை கடைசியில் உங்கள் ஏரிக்குள் வந்து சேருமோ, அந்த நிலம் முழுவதும் உங்கள் நீர்ப்பிடிப்பு. அதை வரைபடத்தில் மட்டும் பார்த்துக் கண்டுபிடிப்பது சமவெளி ஊர்களில் கஷ்டம். 1:50,000 அளவுள்ள சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தில் உயரக்கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து ஏரி ஒன்றின் மொத்த நீர்ப்பிடிப்பிலும் ஒரு கோடுகூட விழாமல் போகலாம். கிராம வரைபட நகலைக் கையில் எடுத்துக்கொண்டு, ஐப்பசியில் நல்ல மழை பெய்யும்போதே நடப்பதுதான் வழி. சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் ஒவ்வொரு சிறு பாலத்திலும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அம்புக்குறி போடுங்கள். சாலையை உயர்த்திப் போட்டதில் பாதி நீர்ப்பிடிப்பு பக்கத்து ஏரிக்குத் திரும்பியிருப்பது அப்போதுதான் தெரியும். மேல் ஏரி நிறைந்து அதன் கலங்கல் வழிந்து உங்கள் ஏரிக்கு வருமானால், அந்த ஊரின் சாக்கடையும் உங்கள் கணக்கில்தான் சேரும்.

அடுத்தது மாதிரி எடுத்தல். மூன்று இடங்கள்: ஊருக்கு மேலே ஓடையில், ஊரைத் தாண்டியதும் கால்வாயில், மதகருகே ஏரியில். இரண்டு தடவை: கோடையில் ஒன்று, முதல் பெருமழை முடிந்த மறுநாள் ஒன்று. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் குளோரைடு, நைட்ரேட், டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) பார்த்துவிடலாம். பிஓடி, அதாவது கழிவைச் செரிக்க நுண்ணுயிர்கள் இழுக்கும் ஆக்சிஜன் அளவு, பார்க்க வேண்டுமானால் பாட்டிலைப் பனிக்கட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகமே தரும் கிருமி நீக்கிய பாட்டில் தேவை. கின்லே பாட்டிலைக் கழுவிக் கொண்டுபோனால் அந்த முடிவு குப்பைக்குத்தான்.

இவற்றில் குளோரைடை நன்றாகப் பாருங்கள். அது மக்காது, செடி அதிகம் உறிஞ்சாது, வழியில் குறையாது. ஊருக்கு மேலே லிட்டருக்கு 40 மி.கி. இருந்து ஊரைத் தாண்டியதும் 150 மி.கி. ஆனால், நடுவில் சேர்ந்தது பெரும்பாலும் வீட்டுக் கழிவு. ஊருக்கு மேலேயே அதிகமாக இருந்தால் தேட வேண்டிய இடம் வேறு.

ஆக்சிஜனை மத்தியானம் அளந்து ஏமாறாதீர்கள். பாசி பிடித்த ஏரியில் வெயிலில் ஆக்சிஜன் தாராளமாக இருக்கும். இரவெல்லாம் அதே பாசி இழுத்துக்கொள்ள, விடியற்காலை 5 மணிக்கு மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். குளிக்கத் தகுந்த நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் அளவு, லிட்டருக்கு 5 மி.கி.க்குக் குறையாத ஆக்சிஜனும் 3 மி.கி.க்கு மிகாத பிஓடியும். விடியற்காலை அளவு 5-ஐத் தொடுகிறதா என்பதுதான் கேள்வி.

## எதை வைத்து எடை போடுவது

தலைப்பில் உள்ள நாலு வழிகளில் கல்வாழைப் படுகை என்பது, சாக்கடையைச் செடி நட்ட சரளைக்கல் வழியாக ஓடவிட்டுச் சுத்தம் செய்வது. ஒவ்வொரு வழியையும் எடை போட ஐந்து விஷயங்கள். கழிவில் எந்தப் பகுதியை அது நிறுத்துகிறது. எவ்வளவு இடம் கேட்கிறது. போட்டு முடித்த பிறகு மாதாமாதம் யார் என்ன செய்ய வேண்டும். பெருமழையில் என்ன ஆகும். யாருடைய அனுமதி வேண்டும். கட்டும் செலவை வேண்டுமென்றே சொல்லவில்லை. அது ஊருக்கு ஊர் மாறும், பெரும்பாலும் எல்லோரும் பார்ப்பதும் அது ஒன்றைத்தான்.

| | தூர்வாருதல் | வீட்டு உறிஞ்சுகுழி, செப்டிக் டேங்க் சீரமைப்பு | கல்வாழைப் படுகை | இயந்திரச் சுத்திகரிப்பு நிலையம் |
|---|---|---|---|---|
| நிறுத்துவது | பழைய வண்டல், அதில் தேங்கிய சத்து | வீட்டுக் கழிவு முழுவதும், ஏரிக்கு வரும் முன்பே | பிஓடி, கசடு, கிருமியில் பெரும்பகுதி | பிஓடி, கசடு. குளோரின் சேர்த்தால் கிருமி |
| விட்டுவிடுவது | புதிதாக வரும் சாக்கடை | மண்ணுக்குள் இறங்கும் நைட்ரேட் | பாஸ்பரஸ், நைட்ரஜனில் பாதிக்கு மேல் | தனி ஏற்பாடு இல்லாவிட்டால் பாஸ்பரஸ் |
| இடம் | தேவையில்லை. மண்ணைக் கொட்ட வேண்டும் | வீட்டுக்கு 1 சதுர மீட்டர் | சுமார் 20 சென்ட் | 3 முதல் 5 சென்ட் |
| தொடர்வேலை | இல்லை | வீட்டுக்காரர், 15 நாளுக்கு ஒருமுறை | ஓர் ஆள், வாரம் இரண்டு நாள் | பயிற்சி பெற்ற ஆள், தினமும், மின்சாரம் |
| பெருமழையில் | மேல்மண் திரும்ப வந்து படியும் | நீர்மட்டம் ஏறினால் குழி நிரம்பும் | தனி வழி இல்லாவிட்டால் அடித்துப் போகும் | வரத்து மிஞ்சி வழியும் |
| அனுமதி | நீர்வளத் துறை அல்லது ஊராட்சி ஒன்றியம் | ஊராட்சி போதும் | நில உரிமையாளர் துறை | மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் |

## தூர்வாருதல்

ஏரி முழுக்க ஓரடி வண்டல் எடுத்தால் 30,000 கன மீட்டர். லாரிக்காரர் பாஷையில் 1 யூனிட் என்பது 100 கன அடி, 2.83 கன மீட்டர். அப்படிப் பார்த்தால் சுமார் 10,600 யூனிட். மூன்று யூனிட் டிப்பருக்கு 3,500 நடை. மதிப்பீட்டில் வெட்டுக்கூலி இருக்கும். இந்த 3,500 நடை மண்ணை எங்கே கொட்டுவது என்பது பல தடவை இருக்காது. விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் வண்டல் மண்ணைக் கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ள விதியில் இடமுண்டு, ஆனால் சாக்கடை வாயருகே எடுக்கும் கறுப்பு மண்ணில் பிளாஸ்டிக்கும் கண்ணாடித் துண்டும் கிடக்கும். ஒரு டிராக்டர் அடித்துப் பார்த்தவர் இரண்டாவது கேட்க மாட்டார். கடைசியில் அந்த மண் கரையோரம் குவிந்து, அடுத்த மழையில் உள்ளேயே திரும்புகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. பல ஆண்டு சாக்கடை தேங்கிய ஏரியில், அடிமண்ணில் பாஸ்பரஸ் சேர்ந்திருக்கும். அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் அது கரைந்து மேலே வரும். சாக்கடையை முழுக்க நிறுத்திய பிறகும் சில ஆண்டுகள் பாசி போகாததற்கு இதுதான் காரணம். எனவே தூர்வாருவது வீண் என்று சொல்ல முடியாது. வரத்தை நிறுத்தும் முன் செய்தால் வீண்.

எங்கே எவ்வளவு என்பதும் முக்கியம். சாக்கடைக் கசடு ஏரி முழுக்கச் சீராகப் படிவதில்லை. கால்வாய் ஏரிக்குள் நுழைந்து வேகம் குறையும் இடத்தில் குவிகிறது. அந்த வாயில் 2 ஏக்கரை 2 அடி எடுத்தால் 1,742 யூனிட், மொத்த வேலையில் ஆறில் ஒரு பங்கு. தண்ணீர்த் தரத்துக்கு வரும் பலனில் பெரும்பகுதி அங்கேயே கிடைத்துவிடும்.

தப்பு நடக்கும் இடங்கள் இரண்டு. மண் வியாபாரத்துக்காக வண்டலைத் தாண்டிக் களிமண் அடுக்கையும் கிழித்துவிட்டால், அடுத்த தையில் ஏரி காய்ந்துவிடும். கரையடியில் தோண்டினால் கரை சரியும். எத்தனை மீட்டர் தள்ளித் தோண்டலாம் என்பதைப் பொறியாளர் கரையின் உயரத்தைப் பார்த்து எழுதித் தர வேண்டும், டிரைவரின் கண் அளவுக்கு விடக்கூடாது. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்துத் தண்ணீர் வயலுக்குப் போகாது. நிலத்தடி ஊறலுக்கு மட்டும் உதவும்.

எப்போது சரி: ஊர்க் கழிவு ஏரிக்கு வராமல், மேல்நிலத்து மண்ணே நிறைந்திருக்கும் ஏரிக்கு. அல்லது கழிவு வரத்து நின்று ஒரு மழைக்காலம் கடந்த ஏரிக்கு. ஆயக்கட்டு, அதாவது ஏரி பாயும் வயல், 100 ஏக்கருக்கு மேலிருந்தால் அனுமதி தருவது நீர்வளத் துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம்.

## வீட்டு வாசலிலேயே நிறுத்துவது

குளியல், துணி, பாத்திரத் தண்ணீருக்கு 1 மீட்டர் நீளம், அகலம், ஆழத்தில் குழி. அடியில் பெரிய கல், மேலே போகப்போகச் சிறிய கல், அதன் மேல் சாக்கும் மண்ணும். குழாய் வந்து விழும் இடத்தில் அடியில் ஓட்டை போட்ட மண்பானை. அதற்குள் தேங்காய் நார். சோப்பு நுரையையும் சோற்றுப் பருக்கையையும் எண்ணெயையும் பிடிப்பது அந்த நார்தான். 15 நாளுக்கு ஒருமுறை எடுத்து அலசி வெயிலில் போட்டுத் திருப்பி வைக்க வேண்டும். இதைச் செய்யாத குழி அடைத்துக்கொள்ளும். அடைத்த குழியை யாரும் தோண்டிக் கழுவுவதில்லை, குழாயைத் தெருவுக்குத் திருப்பிவிடுவார்கள். 250 வீட்டுக்கும் குழி போட்ட ஊரில் இரண்டு வருஷம் கழித்துத் தெருவில் தண்ணீர் ஓடினால், முதலில் பானையைப் பாருங்கள்.

மண்ணைச் சோதிக்காமல் குழி போடுவது அடுத்த தப்பு. குழி வரப்போகும் ஆழத்தில் ஓரடி அகலப் பள்ளம் எடுத்து, தண்ணீர் ஊற்றி ஓர் இரவு ஊற விடுங்கள். மறுநாள் திரும்ப ஊற்றி, 25 மி.மீ. இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். 10 நிமிடம் ஆகும் செம்மண்ணில் ஒரு சதுர மீட்டர் சுவர் நாளுக்கு 64 லிட்டர் இழுக்கும். நாலு பேர் வீட்டின் 160 லிட்டருக்கு நம் குழி தாராளம். 30 நிமிடம் ஆனால் 37 லிட்டர்தான். ஆழத்தை ஒன்றரை மீட்டராக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் கரிசலில் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள்.

கழிப்பறை தனிக் கணக்கு. ‘எங்கள் வீட்டில் செப்டிக் டேங்க் இருக்கிறது’ என்று சொல்லும் வீடுகளில் பல, உறை இறக்கிய ஒற்றைக் குழி. அல்லது இரண்டு அறைத் தொட்டியே இருந்தும் அதன் வெளிக்குழாய் சாக்கடையில் முடிகிறது. அந்தக் குழாய் உறிஞ்சுகுழிக்குப் போக வேண்டும். இந்தியத் தர நிர்ணயப்படி அந்தக் குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அதன் அடிக்கும் கார்த்திகை மாத நீர்மட்டத்துக்கும் நடுவே 2 மீட்டராவது மண் இருக்கட்டும். நீர்மட்டத்தைப் பங்குனியில் அளந்து ஏமாந்தவர்கள் நிறைய.

தொட்டியில் தங்கும் கசடை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். எடுக்க வரும் லாரி எங்கே கொட்டுகிறது? சாக்கடைத் தண்ணீரைவிடப் பல மடங்கு அடர்ந்தது இந்தக் கசடு. ராத்திரியில் ஓடையில் திறந்துவிடும் ஒரே லாரி, நூறு வீட்டுக் குழியின் பலனைக் கெடுத்துவிடும். தமிழ்நாட்டில் கசடு மேலாண்மைக்கு 2014-லேயே வழிகாட்டு நெறிமுறை வந்தது. மதுராந்தகம் அருகே கருங்குழியில் 2017-ல் தொடங்கி இப்போது பல பேரூர்களில் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. பக்கத்து நிலையம் எது என்று கேட்டு, அங்கே கொட்டிய ரசீதைக் காட்டிய பிறகே லாரிக்குப் பணம் கொடுக்கும் வழக்கத்தை ஊராட்சி ஏற்படுத்தலாம். செலவே இல்லாத வேலை இது.

மறைந்திருக்கும் விலை நைட்ரேட். கழிவு நிலத்துக்குள் போகும்போது கிருமியை மண் வடிகட்டும்; நைட்ரேட்டை வடிகட்டாது. குடிநீரில் அது லிட்டருக்கு 45 மி.கி.யைத் தாண்டக்கூடாது. காய்ச்சினால் போகாது; தண்ணீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகும். வீடுகள் நெருங்கி, ஆழமில்லாத கிணற்றிலிருந்தே குடிக்கும் தெருவில் கழிப்பறைக் குழிகளைக் கூட்டுவது ஏரியைக் காப்பாற்றிக் கிணற்றைக் கெடுப்பதாகிவிடும்.

எப்போது சரி: செம்மண், மணல் கலந்த மண், நீர்மட்டம் ஆழம், வீட்டுக்குப் பின்னால் இடம், குடிக்கக் குழாய்த் தண்ணீர்.

## கல்வாழைப் படுகை

தெருச் சாக்கடையை ஒரே இடத்தில் சேர்த்து, சரளைக்கல் படுகைக்குள் மெதுவாக ஓடவிட்டுச் சுத்தம் செய்வது. மேலே கல்வாழை, சம்பு, நாணல். வேலையில் பெரும்பகுதியைச் செய்வது கல்லில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள். செடியின் வேர், படுகை இறுகிப்போகாமல் பார்த்துக்கொள்கிறது.

அளவு: நாளுக்கு 40 கன மீட்டர், 3 நாள் தங்க வேண்டும், ஆழம் 60 செ.மீ., கல்லுக்கிடையே வெற்றிடம் 38 சதவீதம். கணக்குப் போட்டால் 526 சதுர மீட்டர், 13 சென்ட். முன்னால் கசடு தங்கும் தொட்டி, வண்டி வந்துபோக வழி, வேலி சேர்த்தால் 20 சென்ட். நுழைவிலும் வெளியேற்றத்திலும் கைமுட்டி அளவுக் கல், நடுவில் 8 முதல் 16 மி.மீ. சல்லி, 100-க்கு 1 சரிவு. சல்லியைக் கழுவிப் போட வேண்டும். கழுவாமல் கொட்டிய கிரஷர் தூசியே முதல் ஆண்டில் படுகையை அடைத்துவிடும்.

பெரும்பாலான படுகைகள் கெடுவது இரண்டு காரணத்தால். ஒன்று, முன்தொட்டிக் கசடை எடுக்காமல் விடுவது. கசடு படுகைக்குள் போய் முதல் இரண்டு மீட்டர் அடைத்து, தண்ணீர் கல்லுக்கு மேலே ஓடத் தொடங்கும். அதன் பிறகு அது கொசுக் குட்டைதான். மற்றொன்று, ஓடையின் குறுக்கேயே படுகையைக் கட்டுவது. கோடையில் கால்வாயில் ஓடுவது நொடிக்கு அரை லிட்டர்கூட இல்லை. நம் 1 சதுர கிலோமீட்டரில் மணிக்கு 30 மி.மீ. மழை பெய்து, அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக ஓடிவந்தாலே நொடிக்கு 2,500 லிட்டர். ஐயாயிரம் மடங்கு! கால்வாயில் ஒரு சிறு தடுப்பு வைத்து, கோடைத் தண்ணீர் மட்டும் குழாய் வழியாகப் பக்கத்துப் படுகைக்குத் திரும்ப வேண்டும். மழை வெள்ளம் தடுப்பைத் தாண்டி நேரே போக வேண்டும்.

20 சென்ட் எங்கே என்பது பெரிய கேள்வி. ஏரி உள்வாயில் போடலாமே என்பார்கள். அது ஏரி நிலம். 2007-ன் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கென்றே வந்தது, நல்ல நோக்கத்துக்குக் கட்டினாலும் கட்டடம் கட்டடம்தான். தவிர ஏரி நிறையும்போது படுகை முழுகும். வேறு நத்தம் புறம்போக்கையோ ஊராட்சி நிலத்தையோ பாருங்கள்.

பாஸ்பரஸைப் பற்றி ஒரு வார்த்தை. ஒருவரின் கழிவில் நாளுக்கு ஏறத்தாழ 1 கிராம். 1,000 பேரில் பாதியளவு வந்து சேர்ந்தாலே வருஷத்துக்கு 180 கிலோ. நிறைந்த ஏரியில் கரைந்தால் லிட்டருக்கு 1.2 மி.கி.; பாசி கொழிக்க 0.1 மி.கி.யே அதிகம். கல்வாழைப் படுகை இதில் சிறு பங்கைத்தான் எடுக்கும். ஆகவே படுகையிலிருந்து கண்ணாடி மாதிரி தண்ணீர் வந்தாலும் அதை ஏரியில் விடாதீர்கள். தென்னைக்கும் தீவனப்புல்லுக்கும் திருப்புங்கள். அங்கே அந்த 180 கிலோ உரம். கீரைக்கும் பச்சையாகத் தின்னும் காய்க்கும் வேண்டாம்.

எப்போது சரி: கரிசல் மண், நெருங்கிய தெரு, ஏற்கெனவே கட்டிய சாக்கடை, பக்கத்தில் தண்ணீரை ஏற்கும் தோப்பு.

## இயந்திரச் சுத்திகரிப்பு நிலையம்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இடம் குறைவு, தண்ணீர் தரம் நன்றாக வரும். ஆனால் கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தும் காற்றூதி ஓயாமல் ஓட வேண்டும். சிறிய நிலையத்தில் கன மீட்டருக்கு 1 யூனிட் மின்சாரம் என்று வைத்தாலும் நாளுக்கு 40 யூனிட். அரை நாள் மின்தடை வந்தால் நுண்ணுயிர்கள் சோர்ந்து நாற்றமெடுக்கும். கசடு வெளியேற்ற வேண்டும், ஆள் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். கட்டித் தருகிறவர் ஓராண்டு பராமரிப்பு என்பார். இரண்டாம் ஆண்டு மின்கட்டணத்தை யார் கட்டுவது என்று தீர்மானத்தில் எழுதாத ஊராட்சி இதில் இறங்கவே வேண்டாம்.

எப்போது சரி: பாதாளச் சாக்கடை உள்ள நகரம், அடுக்குமாடி, கல்லூரி விடுதி, மருத்துவமனை. கழிவு ஒரே குழாயில் வரும், பில் கட்ட ஒரே ஆள் இருப்பார்.

## நாலும் உதவாத ஏரி

சாயக் கழிவும் தோல் பதனிடும் கழிவும் வரும் இடத்தில் மேலே சொன்ன எதுவும் எடுபடாது. உப்பைக் கல்வாழை எடுக்காது, காற்றூதி எரிக்காது. நொய்யல் ஆற்றின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூரின் சாயநீர் தேங்கும் இடமாகிப் போனது. அங்கே பேச வேண்டியிருந்தது துளிகூட வெளியேற்றாத ஆலை விதியைப் பற்றி. 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் அதனால்தான். உங்கள் கால்வாயில் டிடிஎஸ் 2,000-ஐத் தாண்டுகிறதென்றால் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுங்கள். கிடைக்கும் வண்டலையும் கன உலோகச் சோதனை இல்லாமல் வயலுக்கு அனுப்பாதீர்கள்.

## நம் எடுத்துக்காட்டு ஏரிக்கு

மண் செம்மண், ஊரின் ஒரு தெரு மட்டும் நெருக்கம் என்று வைத்துக்கொண்டால், முதல் கார்த்திகையில் நீர்மட்ட அளவு. தை முதல் சித்திரை வரை 180 வீடுகளுக்கு உறிஞ்சுகுழி. அதே காலத்தில் லாரி ரசீது ஏற்பாடு. நெருங்கிய தெருவின் 70 வீடுகளுக்கு 6 சென்ட்டில் சிறு படுகை, தண்ணீர் பள்ளிக்கூடத்துத் தென்னைக்கு. ஒரு மழைக்காலம் போனபின், அடுத்த வைகாசியில், வாயருகே 2 ஏக்கர் மட்டும் தூர். ஆகாயத்தாமரையையும் அப்போது எடுத்துக் கரைக்கு வெளியே கொண்டுபோய் மக்க விடுங்கள். கரையிலேயே குவித்தால் அதிலுள்ள சத்தெல்லாம் திரும்ப ஏரிக்குத்தான்.

இரண்டாம் ஆண்டுக் கோடையில் அதே மூன்று இடத்தில் திரும்பக் குளோரைடு பாருங்கள். ஊரைத் தாண்டியதும் அளவு இன்னும் இறங்கவில்லையென்றால் காலை 6 மணிக்குக் கால்வாயோரம் நடந்து பாருங்கள். குளிக்கும், துணி துவைக்கும் நேரம் அது. எந்த வீட்டுக் குழாய் இன்னும் தெருவைப் பார்த்து ஓடுகிறது என்பது நுரையிலேயே தெரியும்.